வளர்ந்த பிள்ளைகளோடு கப்பல் சுற்றுலா: தருமபுரி, கிருஷ்ணகிரி பெற்றோர் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

4 வயதுக் குழந்தைக்குக் கப்பலில் ஒரு ஐஸ்கிரீம் மெஷினும் முழங்கால் அளவு தண்ணீரும் போதும். 11-லிருந்து 17 வரை இருப்பவர்களை வைத்துக்கொண்டுதான் பாடு. முதல் நாளே கப்பலை மூலைமுடுக்கெல்லாம் சுற்றிவிட்டு, இரண்டாம் நாள் காலை 11 மணிக்குக் கேபினில் போர்வைக்குள் படுத்துக்கொண்டு "போர் அடிக்குது" என்பார்கள். ஒகேனக்கல் பரிசல் என்றால் கொஞ்ச நேரத்தில் கரைக்கு வந்துவிடும். கப்பலில் மூன்று நான்கு இரவுகளுக்கு இறங்கிப்போக வழியில்லை. நம் இரு மாவட்டங்களிலிருந்து கிளம்பும் குடும்பங்கள் வழக்கமாகக் கேட்பவற்றுக்கு இங்கே பதில் தருகிறோம்.

சென்னையிலேயே கப்பல் ஏறினால் போதாதா? சிங்கப்பூர்தான் போக வேண்டுமா?

பணத்தைப் பார்த்தால் சென்னை, பிள்ளையின் வயதைப் பார்த்தால் சிங்கப்பூர். சென்னைத் துறைமுகத்திலிருந்து 2022 ஜூனில் ஓடத் தொடங்கிய கார்டிலியா எம்ப்ரஸ், 1990-இல் கட்டப்பட்ட கப்பல். நீச்சல்குளம், பாறையேறும் சுவர், மேடை நிகழ்ச்சி எல்லாம் உண்டு. 10 வயதுப் பிள்ளைக்கு இரண்டு இரவுக்கு அது தாராளம். 15 வயதுக்காரன் ஒரே மாலையில் பார்த்து முடித்துவிடுவான். சென்னைப் புறப்பாடு வருடம் முழுக்க இருக்காது, சீசனுக்குச் சீசன் மாறும். அதனால் தேதியை உறுதி செய்த பிறகே வீட்டில் பேச்சை எடுங்கள்.

சிங்கப்பூரிலிருந்து பல சீசன்களாகப் புறப்பட்டு வருபவை ராயல் கரீபியனின் குவாண்டம் வகைக் கப்பல்கள். எம்ப்ரஸைவிட ஏறக்குறைய மூன்றரை மடங்கு பெரியவை. செயற்கை அலையில் சறுக்கும் ஃப்ளோரைடர், காற்றின் வேகத்தில் உடம்பை மிதக்கவிடும் ஐஃப்ளை, கடலுக்கு மேலே தூக்கிச் சென்று காட்டும் கண்ணாடிக் கூண்டு, மோதுகார், கூடைப்பந்து மைதானம் என்று வளர்ந்த பிள்ளைகளை மனத்தில் வைத்தே கட்டியவை. மூத்தவனுக்கு 13 தாண்டிவிட்டதென்றால் அவசரப்பட்டு இந்த வருடம் சென்னையில் ஏறுவதைவிட, இன்னும் ஒரு வருடம் சேர்த்துவைத்துச் சிங்கப்பூர் போவதே மேல் என்பது எங்கள் கருத்து.

எந்த மாதத்தில் போவது நல்லது?

கடல் அமைதி, கட்டணம் இரண்டையும்தான் எல்லோரும் பார்க்கிறார்கள். பதின்ம வயதுப் பிள்ளை இருக்கும் வீட்டில் மூன்றாவதாக ஒன்றையும் பார்க்க வேண்டும்: அந்தப் பயணத்தில் அதே வயதில் எத்தனை பேர் ஏறுவார்கள்? டீன் கிளப் என்பது நான்கு சோபாவும் ஒரு வீடியோ கேமும் உள்ள அறை, அவ்வளவுதான். உள்ளே 30 பேர் இருந்தால் அது திருவிழா, மூன்று பேர் இருந்தால் பல் மருத்துவமனை வெயிட்டிங் ரூம். பிப்ரவரியில் மலிவாகக் கிடைக்கிறதே என்று டிக்கெட் போட்டால் கப்பல் முழுக்க ஓய்வு பெற்றவர்கள்தான் இருப்பார்கள்.

சிங்கப்பூர்ப் பள்ளிகளுக்கு நீண்ட விடுமுறை மே கடைசியில் தொடங்கி ஜூனில் ஒன்று, நவம்பர் நடுவிலிருந்து டிசம்பர் முடிய ஒன்று. நம் பள்ளிகளின் கோடை விடுமுறையோடு அது மே கடைசியில் சற்றே உரசும். அரையாண்டு விடுமுறையோடு டிசம்பர் கடைசி வாரத்தில் நன்றாகப் பொருந்தும். இந்த இரண்டு வாரங்களிலும் கட்டணம் கூடுதல்தான். ஆனால் அந்தக் கூடுதலில்தான் பிள்ளைக்குத் துணை கிடைக்கிறது.

கிருஷ்ணகிரிப் பக்கம் மாந்தோப்பு வைத்திருப்பவர்களுக்கும், கூழ் ஆலையோடு வரவு செலவு உள்ளவர்களுக்கும் மே, ஜூன் இரண்டும் வேலைக்காலம். அவர்களுக்கு டிசம்பர்தான். மலாக்கா நீரிணை ஒரு பக்கம் சுமத்ரா, மறு பக்கம் மலாய் தீபகற்பம் என்று இரு பக்கமும் நிலம் மறைத்த கடல் என்பதால் டிசம்பரிலும் பெரிதாக ஆட்டாது. சென்னைக் கடல் அப்படியல்ல. அக்டோபர் முதல் டிசம்பர் வரை வங்கக்கடலில் புயல் சின்னம் வந்தால் வழியே மாறிவிடும்.

மகளுக்கு 11, மகனுக்கு 13. இருவரையும் ஒரே கிளப்பில் விடுவார்களா?

பெரும்பாலும் விடமாட்டார்கள். கார்னிவல், எம்எஸ்சி ஆகிய கப்பல் நிறுவனங்களில் 12 முதல் 14 ஒரு கூட்டம், 15 முதல் 17 இன்னொரு கூட்டம். 11 வயது என்றால் சிறுவர் பிரிவுதான். நார்வீஜியனில் 13 முதல் 17 வரை ஒரே பிரிவு. அண்ணன் தம்பி வயது 13, 16 என்றால் அந்த ஏற்பாடு வசதி.

கப்பல் புறப்படும் நாளில் என்ன வயதோ அதுதான் கணக்கு. 12 வயதாக இரண்டு வாரம் இருக்கும்போது ஏறினால் மகள் சிறுவர் பிரிவில் 7 வயதுப் பிள்ளைகளோடு வண்ணக் காகிதம் வெட்டிக்கொண்டிருப்பாள். கெஞ்சினாலும் மாற்றமாட்டார்கள். பிறந்தநாளுக்குப் பிறகு தேதி கிடைக்கிறதா என்று பாருங்கள்.

ப்ளஸ் டூ முடித்தவர்களுக்கு எதிர்ப்பக்கத்துச் சிக்கல். 18 ஆகிவிட்டால் டீன் கிளப் கதவு சாத்தியாயிற்று. பெரியவர்களின் இடங்களிலும் அவர்களுக்கு மனம் ஒட்டாது. ஒரு சித்தப்பா மகனையோ அத்தை மகளையோ சேர்த்து அழைத்துப்போவது ஒன்றே அதற்கு வழி.

"கிளப்புக்கெல்லாம் நான் போகமாட்டேன்" என்கிறான். என்ன செய்வது?

முதல் நாள் ராத்திரி மட்டும் போகச் சொல்லுங்கள். "ஒரு மணி நேரம் இரு, பிடிக்கவில்லை என்றால் வந்துவிடு" என்று பேரம் பேசுங்கள். முதல் இரவில்தான் அறிமுகக் கூட்டம் நடக்கும், கூட்டாளிகள் சேர்வதும் அன்றைக்குத்தான். இரண்டாம் நாள் மாலை போகும் பிள்ளைக்கு, ஏற்கெனவே வட்டமாக உட்கார்ந்திருக்கும் கும்பலுக்கு வெளியே ஒரு நாற்காலிதான் கிடைக்கும். 4 இரவுப் பயணத்தில் இந்த ஒரு ராத்திரியைத் தவறவிட்டால் மீட்பது கஷ்டம்.

அது என்றைக்கு, எங்கே என்பது கப்பல் நிறுவனத்தின் ஆப்பில் அன்றைய நிகழ்ச்சி நிரலில் இருக்கும். நீங்கள் கூடப் போகாதீர்கள். வாசல் வரைகூட வேண்டாம், முந்தைய தளத்தோடு நின்றுகொள்ளுங்கள். அம்மா கையைப் பிடித்துக்கொண்டு வந்தவன் என்ற பெயர் கடைசி நாள் வரை ஒட்டிக்கொள்ளும். ஆங்கிலம் சரளமாக வராது என்று தயங்குகிற பிள்ளைகள் நம் பக்கம் நிறைய. அவர்கள் பேச்சு குறைவாக இருக்கும் போட்டியில் நுழைவது சுலபம்: டேபிள் டென்னிஸ், கூடைப்பந்து, வீடியோ கேம் பந்தயம். பந்து நன்றாக ஆடுகிறவனைத் தேடி ஆள் வரும்.

ஃப்ளோரைடர், பாறையேற்றம் இதற்கெல்லாம் என்ன கட்டுப்பாடு?

ஃப்ளோரைடரில் படுத்துக்கொண்டு சறுக்க 132 செ.மீ., நின்றுகொண்டு சறுக்க 147 செ.மீ. உயரம் வேண்டும். வீட்டில் சுவரில் அளந்துகொண்டு போங்கள். வரிசையில் 40 நிமிடம் நின்ற பிறகு அளவுகோலுக்குக் கீழே நிற்கும் தம்பியின் முகத்தைப் பார்க்க முடியாது.

உயரத்தைவிட அதிகம் பேர் மாட்டுவது கையெழுத்தில். 18 வயதுக்குக் கீழே உள்ளவர்களுக்குப் பெற்றோரின் ஒப்புதல் இல்லாமல் ஏற்றமாட்டார்கள். பிள்ளை மட்டும் போய் நின்று திரும்பி வருவது தினமும் நடக்கிறது. ஏறிய முதல் இரண்டு மணி நேரத்திலேயே இந்த ஒப்புதல் எல்லாவற்றையும் முடித்துவிடுங்கள். பிறகு உங்களைத் தேடி அவர்கள் அலைய வேண்டியதில்லை.

பாறையேறும் சுவருக்குச் சாக்ஸ் கட்டாயம். செருப்போடு பயணம் வரும் பிள்ளைகள் சாக்ஸை மறந்துவிட்டு, கப்பல் கடையில் அந்நியப் பணத்தில் ஒரு ஜோடி வாங்குவார்கள். ஐஃப்ளைக்கு முன்பதிவு வேண்டும். பறப்பது ஏறக்குறைய ஒரு நிமிடம்தான், அதை முன்பே சொல்லிவைத்தால் ஏமாற்றம் இருக்காது. கூட்டம் குறைவாக இருப்பது கப்பல் துறைமுகத்தில் நிற்கும் நாளில். மலேசியாவின் பினாங்கில் எல்லோரும் இறங்கிய பிறகு ஒரு மணி நேரம் கழித்து நீங்கள் இறங்கினால், அதற்குள் பிள்ளை நான்கு முறை சறுக்கியிருப்பான்.

தனியாகச் சுற்ற விடலாமா?

விடலாம், விடத்தான் வேண்டும். ஊரில் டியூஷனுக்கு பஸ்ஸில் தனியே போய் வருகிற பிள்ளையைக் கப்பலில் கூடவே இழுத்துக்கொண்டு அலைந்தால், இரண்டாம் நாளே மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொள்வாள். ஆனால் விடுவதற்கு முன் சில விஷயங்களைத் தெளிவாகப் பேசிக்கொள்ளுங்கள். கப்பலில் ஏறிய பிறகு பேசினால் காதில் ஏறாது. வீட்டிலேயே, டிக்கெட் போட்ட அன்றே பேசுங்கள்.

ராத்திரிச் சாப்பாடு எல்லோரும் ஒன்றாக. இதில் விட்டுக்கொடுக்காதீர்கள். காலையும் மதியமும் அவரவர் இஷ்டம். சந்திக்கும் இடத்துக்குக் கப்பலின் நடுப்பகுதியில் மாறாத ஓர் அடையாளத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். "நீச்சல்குளத்துப் பக்கம்" என்றால் 2,000 பேர் நடுவில் தேட வேண்டியிருக்கும். வேறு யாருடைய கேபினுக்குள்ளும் போகக் கூடாது, நம் கேபினுக்குள் வேறு யாரையும் அழைக்கக் கூடாது. புதுச் சிநேகிதர்களோடு உட்கார்ந்து பேசப் பொது இடங்கள் வேண்டிய மட்டும் இருக்கின்றன. பால்கனிக் கம்பியில் கால் வைத்து ஏறுவது, போட்டோவுக்காகச் சாய்வது இரண்டுக்கும் மன்னிப்பே கிடையாது என்று சொல்லிவிடுங்கள். பணியாளர்களுக்கு மட்டுமான கதவுகளில் நுழையக் கூடாது. குடி பற்றி மறைமுகமாக ஜாடை பேசாமல் நேரடியாகவே பேசுங்கள்: யாராவது கோப்பையை நீட்டினால் வேண்டாம் என்று சொல்லி, எழுந்து வந்துவிட வேண்டும்.

பல கப்பல்களில் 17 வயது வரை உள்ளவர்கள் நள்ளிரவு 1 மணிக்கு மேல் பெரியவர் துணையின்றி வெளியே இருக்கக் கூடாது. அது கப்பலின் எல்லை. உங்கள் வீட்டு எல்லை 11 என்றால் 11. ஆனால் கிளப்பில் முக்கிய நிகழ்ச்சிகள் 10 மணிக்கு மேல்தான் சூடு பிடிக்கும் என்பதையும் கணக்கில் எடுங்கள். 9 மணிக்குக் கூப்பிட்டால் சினிமாவில் இடைவேளையோடு எழுப்பிக் கூட்டி வந்த மாதிரி.

9 முதல் 11 வயதுப் பிள்ளைகளைச் சிறுவர் பிரிவில் கையெழுத்துப் போட்டு விட்டு, கையெழுத்துப் போட்டுத்தான் கூட்டி வர வேண்டும். பெற்றோர் அனுமதித்தால் அவர்களே வெளியேறலாம் என்ற ஏற்பாடு சில கப்பல்களில் உண்டு. அந்தக் கட்டத்தில் டிக் அடிக்கும் முன் யோசியுங்கள்.

ஏறிய நாளில் நடக்கும் அவசரகாலப் பயிற்சிக்குப் பெரிய பிள்ளைகள் "ஏற்கெனவே யூடியூபில் பார்த்தாச்சு" என்று ஏய்ப்பார்கள். இது அந்த ரகமில்லை. 2012 ஜனவரியில் இத்தாலிக் கரையில் கோஸ்டா கான்கார்டியா கவிழ்ந்தபோது, அன்று ஏறிய பயணிகளில் பலருக்குப் பயிற்சியே நடந்திருக்கவில்லை. அதன் பிறகே புறப்படும் முன் பயிற்சி என்பது உலகம் முழுக்கக் கட்டாயமாயிற்று. தனியே சுற்றும் பிள்ளைக்குத் தன் கூடுமிட (ஆபத்தின்போது போய்ச் சேர வேண்டிய இடம்) எண் மனப்பாடமாகத் தெரிய வேண்டும். சைரன் அடித்தால் அப்பா அம்மாவைத் தேடி கேபினுக்கு ஓடக் கூடாது, நேரே கூடுமிடத்துக்குப் போக வேண்டும். இதை இரண்டு முறை சொல்லுங்கள்.

போன், இன்டர்நெட்?

கரை மறைந்து சற்று நேரத்தில் நம் சிக்னல் போய்விடும். அதற்குப் பிறகு போன் தானாகவே கப்பலின் செயற்கைக்கோள் நெட்வொர்க்கைப் பிடிக்கும். அங்கேதான் பில் எகிறும். வாட்ஸ்அப் தானாக வீடியோ இறக்கிக்கொண்டிருந்தாலே போதும், கையைக் கடிக்கும். கப்பல் நகரும் முன் எல்லா போனிலும் ஏரோபிளேன் மோடு, அதன் பிறகு வைஃபை மட்டும் ஆன். பிள்ளைகளின் போனை நீங்களே கையில் வாங்கிப் பாருங்கள்.

குடும்பத்துக்குள் செய்தி அனுப்பக் கப்பல் ஆப்பில் சாட் வசதி இருக்கும். அது கப்பலுக்குள் இருக்கும் வைஃபையில் ஓடும், இன்டர்நெட் பேக்கேஜ் வேண்டாம். சில நிறுவனங்களில் அதற்குச் சிறு கட்டணம் உண்டு. அதுவும் வேலை செய்யாத நேரத்துக்கு ஒரு ஸ்டிக்கி நோட் கட்டும் ஒரு பேனாவும் எடுத்துப் போங்கள். "4 மணிக்கு 15-ஆம் தளம்" என்று எழுதிக் கேபின் கண்ணாடியில் ஒட்டிவிட்டுப் போகும் பழக்கம் எந்த ஆப்பையும்விட நம்பகமானது.

படம், பாட்டு, கேம் எல்லாவற்றையும் வீட்டு வைஃபையிலேயே டவுன்லோடு செய்துகொள்ளுங்கள். டவுன்லோடு ஆகிவிட்டதா என்று ஏரோபிளேன் மோடில் ஒரு முறை திறந்து பாருங்கள். சில கேம்கள் நெட் இல்லாமல் திறக்கவே திறக்காது.

ப்ளஸ் டூ போகிறாள். நீட் ஆன்லைன் வகுப்பைக் கப்பலில் கவனிக்க முடியுமா?

நேரலை வகுப்பையும் நேரம் குறித்த மாதிரித் தேர்வையும் நம்பாதீர்கள். செயற்கைக்கோள் இணைப்பு நடுவில் அறுந்தால் தேர்வும் போச்சு, அன்றைய மனநிலையும் போச்சு. அச்சடித்த வினாத்தாள் இரண்டு, காலை 7 முதல் 8.30 வரை பஃபே தளத்தில் ஜன்னலோர மேசை, அவ்வளவு போதும். 4 நாளும் படிக்கவைக்கப் போகிறீர்கள் என்றால் பயணத்தையே அடுத்த வருடத்துக்குத் தள்ளிப்போடுங்கள்.

எதிர்பாராத செலவு எதில் வரும்?

கேம் ஆர்கேடில். கப்பலில் கையில் பணம் புழங்காது. கேபின் கார்டைத் தேய்த்தால் கணக்கு உங்கள் பெயரில் ஏறும். ஒவ்வொரு ஆட்டமும் தனித் தேய்ப்பு. பிள்ளைக்கு அது காசாகவே தெரியாது. ஏறிய உடன் வரவேற்பு மேசைக்குப் போய், பிள்ளைகளின் கார்டில் செலவு செய்யும் வசதியை நிறுத்தச் சொல்லலாம், அல்லது நாளுக்கு இவ்வளவு என்று வரம்பு வைக்கச் சொல்லலாம். முழுதாக நிறுத்துவதைவிட, பயணம் முழுமைக்கும் ஒரு தொகையைச் சொல்லிவிட்டு வரம்பு வைப்பது நல்லது. முதல் நாளே தீர்த்துவிட்டால் அது அவன் பாடு.

குளிர்பானம் பெரும்பாலும் கட்டணத்தில் சேராது, தண்ணீரும் எலுமிச்சை ஜூஸும் சேரும். கப்பல் புகைப்படக்காரர் எடுக்கும் படங்களும் விலைக்குத்தான். தினசரி சேவைக் கட்டணம் பிள்ளைகளுக்கும் தலைக்கு உண்டு என்பதை டிக்கெட் விலையோடு கூட்டிப் பாருங்கள்.

பெட்டியில் என்ன வைக்கலாம், என்ன வைக்கக் கூடாது?

நம் ஆட்கள் முதலில் எடுப்பது எலக்ட்ரிக் கெட்டில், அடுத்து அயர்ன் பாக்ஸ். இரண்டையும் தீ பயத்தால் ஏறும்போதே பிடுங்கி வைத்துக்கொண்டு, இறங்கும் நாளில்தான் தருவார்கள். எக்ஸ்டென்ஷன் பாக்ஸுக்கும் பல கப்பல்களில் அதே கதி. கேபினில் இருக்கும் சாக்கெட் அமெரிக்கத் தட்டை முள் அல்லது ஐரோப்பிய உருண்டை முள். நம் ஊர் மூன்று முள் பிளக் போகாது. 4 பேருக்கு 4 போன், ஒரு டேப்லெட் என்றால் பல யுஎஸ்பி துளை உள்ள சார்ஜர் ஒன்றும் ஒரு அடாப்டரும் எடுங்கள். பவர் பேங்கை விமானத்தில் கைப்பையில்தான் வைக்க வேண்டும்.

நீச்சலுடை நைலான் அல்லது லைக்ரா துணியில் இருக்கட்டும், பருத்தி டிரவுசரும் பனியனும் குளத்தில் அனுமதியில்லை. கப்பலுக்குள் ஏசி கடுமையாக இருக்கும், ஆளுக்கொரு முழுக்கைச் சட்டை வேண்டும். மகளுக்கு நாப்கின் ஊரிலேயே வாங்கி இரண்டு மடங்காக வையுங்கள். கப்பல் கடையில் வகையும் குறைவு, விலையும் அதிகம். சூயிங்கம்மைச் சிங்கப்பூருக்குள் கொண்டுபோகத் தடை, பிள்ளைகளின் பைகளை ஒரு முறை உதறிப் பாருங்கள்.

கிணற்றிலும் ஆற்றிலும் நீந்திய பிள்ளை. குளத்தில் தனியே விடலாம்தானே?

நீந்தத் தெரிவது நல்லதுதான், ஆனால் கப்பல் குளத்துக்கு வேறு குணம் உண்டு. கப்பல் சாயும்போது தண்ணீர் மொத்தமாக ஒரு பக்கம் போய்த் திரும்பும். கழுத்தளவில் நிற்பவனுக்குத் திடீரென்று தலைக்கு மேல் வரும். ஆட்டம் அதிகமானால் வலை போட்டு மூடிவிடுவார்கள். உயிர்காப்பாளர் இல்லாத கப்பல்களும் இருக்கின்றன. பலகையில் "உங்கள் பொறுப்பில் நீந்தவும்" என்று மட்டும் எழுதியிருக்கும். கிணற்றில் பாய்வது போல மேலிருந்து குதிப்பது எங்கேயும் அனுமதியில்லை. குளம் சின்னது, குதித்தால் இன்னொருவர் தலைமேல்தான் விழ வேண்டும்.

வாந்தி வந்தால்?

ஏலகிரி மலைப்பாதையில் வாந்தி எடுக்கிற பிள்ளை கப்பலிலும் எடுக்க வாய்ப்பு உண்டு. கேபினைத் தாழ்ந்த தளத்தில், கப்பலின் நடுவில் எடுங்கள். ஆட்டம் அங்கேதான் குறைவு. பிள்ளைகள் கேட்பது மேல் தளத்தின் முன்முனையை. அங்கேதான் அதிகம் ஆடும். தலை சுற்றினால் போனைப் பார்க்கக் கூடாது, வெளியே போய்த் தொடுவானத்தைப் பார்க்க வேண்டும். மாத்திரையை உங்கள் டாக்டரிடம் கேட்டு ஊரிலேயே வாங்கிக்கொள்ளுங்கள். பெரும்பாலானவை தலை சுற்றிய பிறகு போட்டால் பிடிக்காது, முன்னாலேயே போட வேண்டும். இஞ்சி மிட்டாயும் கொஞ்சம் ரொட்டியும் வயிற்றுக்கு ஒத்துவரும். வெறும் வயிறு ஆகாது.

கடலிலேயே இருக்கும் நாளில் எல்லாம் பார்த்தாயிற்று. இனி என்ன?

இந்தக் கேள்விக்குக் கப்பலின் நிகழ்ச்சி நிரலில் பதில் இல்லாத நேரம் வரும், பெரும்பாலும் மதியம் 2 முதல் 5. அதற்குக் கையில் சரக்கு வைத்துக்கொண்டு போங்கள்.

ஒரு முழத் துணியில் ஆடு புலி ஆட்டக் கட்டத்தை அழியாத மார்க்கரால் வரைந்து எடுத்துப் போங்கள். 23 புள்ளிகள், 3 புலி, 15 ஆடு. புலிக்கு மூன்று பெரிய பொத்தான், ஆட்டுக்குப் புளியங்கொட்டை. துணி மேசையில் வழுக்காது, மடித்துச் சட்டைப் பையில் வைக்கலாம். ஆடு வைப்பவன் முதலில் ஓரங்களைப் பிடிக்க வேண்டும் என்ற சூட்சுமத்தைச் சொல்லிக் கொடுக்காதீர்கள், இரண்டு ஆட்டம் தோற்றால் தானே கண்டுபிடிப்பான். மேல் தளத்தில் இதை விரித்தால் பக்கத்து மேசைப் பிள்ளைகள் எட்டிப் பார்ப்பார்கள். கிளப்புக்குப் போகாத பிள்ளைக்கும் இப்படிக் கூட்டம் சேரும். சீட்டுக்கட்டு, யூனோ நல்லவைதான், ஆனால் திறந்த தளத்தில் காற்று தூக்கிக்கொண்டு போய்விடும்.

கணக்கில் ஆர்வம் உள்ளவர்களுக்குக் கப்பலே ஒரு ஆய்வுக்கூடம். ஏரோபிளேன் மோடிலும் போனின் ஜிபிஎஸ் வேலை செய்யும். திறந்த தளத்தில் நின்றால் வேகம் தெரியும். 1 நாட் என்பது மணிக்கு 1.852 கி.மீ. கப்பல் 20 நாட் வேகத்தில் போனால் மணிக்கு 37 கி.மீ., அதாவது தொப்பூர் கணவாயில் லாரிகள் இறங்குகிற வேகம்தான். அடுத்து தொடுவானம்: கண் இருக்கும் உயரத்தை மீட்டரில் எடுத்து, வர்க்கமூலம் கண்டு, 3.57-ஆல் பெருக்கினால் தொடுவானம் எத்தனை கி.மீ. தூரம் என்று வரும். 36 மீட்டர் உயரத் தளம் என்றால் 21 கி.மீ.க்குச் சற்று மேல். இது ஏன் இப்படி வருகிறது என்பதைப் பத்தாம் வகுப்புப் பிதாகரஸ் தேற்றத்தை வைத்தே நிறுவிவிடலாம்.

ராத்திரிக்கு இன்னொன்று. புறப்படும் முன் ஊரில் மொட்டைமாடியில் நின்று துருவ நட்சத்திரத்தைக் காட்டுங்கள். நீட்டிய கையின் ஒரு முஷ்டி ஏறக்குறைய 10 பாகை. தருமபுரியில் அந்த நட்சத்திரம் வடக்குத் தொடுவானத்திலிருந்து 12 பாகையில், ஒரு முஷ்டிக்குச் சற்று மேலே நிற்கும். சிங்கப்பூரில் அது 1 பாகை, கண்ணுக்கே படாது. கப்பல் பினாங்கை நெருங்கும்போது 5 பாகையைத் தாண்டிவிடும். வானம் தெளிவாக இருந்து, விளக்கு வெளிச்சம் விழாத பக்கம் நின்றால் அரை முஷ்டி உயரத்தில் தேடலாம். மாலுமிகள் அட்சரேகையைக் கண்டுபிடித்த வழி இதுதான் என்று புத்தகத்தில் படித்தால் மறந்துபோகும், முஷ்டியால் அளந்தால் மறக்காது.

துறைமுகத்தில் இறங்கினால் பெரிய பிள்ளைகளுக்கு என்ன பிடிக்கும்?

பினாங்கில் ஜார்ஜ் டவுன் தெருக்களும் சுவரோவியங்களும், 1923-லிருந்து ஓடும் பினாங்கு மலை ரயிலும். கிள்ளான் துறைமுகத்தில் நின்றால் பத்துமலை: 272 படி, 42.7 மீட்டர் முருகன் சிலை. பாட்டி தாத்தாவுக்கும் பேரனுக்கும் ஒரே இடத்தில் நிறைவு தருவது அதுதான். குரங்குகள் பையைப் பறிக்கும், ஒகேனக்கல் குரங்குகளைச் சமாளித்தவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

தவறு நடப்பது புக்கெட்டில். தாய்லாந்து நேரம் சிங்கப்பூருக்கு ஒரு மணி நேரம் பின்னால். கரையில் சிக்னல் கிடைத்ததும் போன் தானாகத் தாய்லாந்து நேரத்துக்கு மாறிவிடும். கப்பலோ சிங்கப்பூர் நேரத்திலேயே இருக்கலாம். "5 மணிக்குள் வந்துவிடு" என்று சொன்னால் பிள்ளை போனைப் பார்த்துத் தாய்லாந்து 5 மணிக்கு வருவான், அதற்குள் கப்பல் கிளம்பியிருக்கும். இறங்கும் முன் கப்பல் நேரம் எது என்று கேட்டு, ஆளுக்கொரு சாதாரணக் கைக்கடிகாரத்தில் வைத்துவிடுங்கள். கரையில் மட்டும் தனியே சுற்றும் சுதந்திரம் இல்லை, அது கப்பலோடு சரி.

சாப்பாடு?

பிள்ளைகளைப் பற்றிக் கவலையே வேண்டாம். பீட்சா, பர்கர், நூடுல்ஸ், இந்திய பஃபே எல்லாம் நாளெல்லாம் கிடைக்கும். இரண்டு நாள் களியும் கீரைக்குழம்பும் இல்லாமல் தவிப்பது தாத்தாதான்.

பாஸ்போர்ட், வண்டி விஷயத்தில் எதைக் கவனிக்க வேண்டும்?

பெரியவர்களின் பாஸ்போர்ட் 10 வருடம், சிறுவர்களுடையது பொதுவாக 5 வருடம். 8 வயதில் எடுத்தது 13-இல் முடிந்துவிடும், வீட்டில் யாரும் கவனித்திருக்கமாட்டார்கள். பயண நாளிலிருந்து குறைந்தது 6 மாதம் செல்லுபடியாக இருக்க வேண்டும். கப்பல் மலேசியா போய் மறுபடி சிங்கப்பூருக்குள் நுழைவதால் சிங்கப்பூர் விசா பல முறை நுழையக் கூடியதுதானா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

கப்பல் கிளம்பும் அன்றே விமானத்தில் போய் இறங்கும் திட்டம் வேண்டாம், முந்தின நாளே போய்ச் சேருங்கள். ஓசூரிலிருந்து தேவனஹள்ளி விமான நிலையத்துக்கு பெங்களூரைக் கடந்தாக வேண்டும். அங்கே சில்க் போர்டு சந்திப்பின் நெரிசலில் மாட்டினால் எந்தக் கணக்கும் நிற்காது. கிருஷ்ணகிரிக்காரர்கள் விமானத்துக்கு 7 மணி நேரம் முன்பே, தருமபுரிக்காரர்கள் 8 மணி நேரம் முன்பே வீட்டைப் பூட்டுங்கள். சென்னையில் ஏறுபவர்களில் தருமபுரிக்காரர்கள் மொரப்பூரில் ரயில் பிடிக்கலாம், கிருஷ்ணகிரியில் ரயில் நிலையம் இல்லை என்பதால் அங்கிருப்பவர்கள் ஜோலார்பேட்டைக்குப் போக வேண்டும்.

இறங்கும் நாளில்?

கடைசி ராத்திரி பெரிய பெட்டிகளைப் பூட்டி, அட்டை கட்டி, கேபின் வாசலில் வைத்துவிடச் சொல்வார்கள். மறுநாள் கரையில்தான் அவை கைக்கு வரும். எல்லாத் துணியையும் பெட்டியில் போட்டுவிட்டு, கிளப்பில் கடைசி நிகழ்ச்சி முடிந்து 12 மணிக்கு வரும் பிள்ளைக்கு மறுநாள் போட்டுக்கொள்ளச் சட்டையே இருக்காது. ஒரு செட் துணி, செருப்பு, பல் துலக்கி, சார்ஜர், பாஸ்போர்ட் ஐந்தையும் தனிப் பையில் எடுத்துவைத்த பிறகே பெட்டியைப் பூட்டுங்கள். அந்தப் பையைக் கட்டிலின் மேலேயே வைத்துவிட்டால் தேட வேண்டியிருக்காது.